காத்திருப்பை எங்கே எழுதுவது? – நாட்டரசன்கோட்டைக் குறிப்புகள்

ஏடிஎம் இயந்திரத்துக்குள் இரண்டு விதமான நேரம் ஓடுகிறது. எண்ணை அழுத்தியதும் திரையில் நட்சத்திரக் குறி விழ வேண்டும். கேன்சலைத் தொட்டதும் எல்லாம் நின்று கார்டு வெளியே வர வேண்டும். இது ஒரு நேரம். வங்கியின் கணினியிடம் ‘இந்தக் கணக்கில் இவ்வளவு பணம் இருக்கிறதா’ என்று கேட்டுப் பதில் வாங்குவது இன்னொரு நேரம். அந்தப் பதில் அரை நொடியில் வரலாம், இருபது நொடி கழித்து வரலாம், வராமலே போகலாம். முதல் நேரம் இயந்திரத்தின் கையில் இருக்கிறது. இரண்டாவது யார் கையிலும் இல்லை. இரண்டையும் ஒரே நிரலில் பிசகில்லாமல் எழுதுவது எப்படி என்ற கேள்வியைத்தான் இந்த நோட்டில் விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

*

முதல் நேரத்துக்கென்றே பிறந்த மொழிகள் மூன்று. மூன்றும் 1980களில் பிரான்சில் உருவானவை. சோஃபியா ஆன்டிபோலிஸில் ஜெரார் பெர்ரி குழுவினரின் எஸ்டரல். கிரெனோபிளில் பால் காஸ்பி, நிக்கோலா ஆல்ப்வாக்ஸ் இருவரின் லஸ்டர். ரென் நகரில் பால் லெ கெர்னிக், ஆல்பர் பென்வெனிஸ்ட் ஆகியோரின் சிக்னல். சிங்க்ரனஸ் மொழிகள் என்று இவற்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அடிப்படை ஒன்றுதான். வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை வந்தால், அதற்கு நிரல் தரும் பதிலுக்கு நேரமே ஆகாது என்று வைத்துக்கொள். கேள்வியும் பதிலும் ஒரே கணம். நிரலுக்குள் பத்துப் பகுதிகள் ஒருசேர ஓடினாலும் எல்லாவற்றுக்கும் அதே கணம். ஒரு பகுதி விட்ட சமிக்ஞையை மற்ற ஒன்பதும் அந்தக் கணத்திலேயே பார்க்கும்.

கேட்டவுடன் இது கற்பனை மாதிரி இருக்கும். ஆனால் கடைசியில் இதைக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கிறார்கள். சமிக்ஞைகள் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை வருகின்றன, மிக மோசமான நிலையிலும் பதில் 2 மில்லிநொடிக்குள் முடிந்துவிடுகிறது என்றால், நேரமே ஆகவில்லை என்று கொண்டதில் தவறில்லை. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு நிரல்களை எழுதப் பயன்பட்ட ஸ்கேட், லஸ்டரின் வழியில் வந்த கருவி. இவ்வளவு பெரிய பொறுப்பை இந்த எண்ணத்தின் மேல் ஏற்றலாம் என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை.

*

எஸ்டரல் படிப்பவர்கள் முதலில் எழுதும் நிரல் ‘ஏபிஆர்ஓ’. ஏ, பி இரண்டும் வந்து சேர்ந்ததும் ஓ-வை விடு. நடுவில் ஆர் வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கு. தமிழில் எழுதினால் இப்படி வரும்:

திரும்பத் திரும்பச் செய்:
ஏ-க்குக் காத்திரு, கூடவே பி-க்குக் காத்திரு;
இரண்டும் முடிந்ததும் ஓ-வை விடு;
ஆர் வரும்போதெல்லாம் மறுபடி.

இதையே நிலைகளாகப் பிரித்துக் கையால் எழுதினால் நான்கு நிலைகள் வரும்: இரண்டும் வரவில்லை, ஏ மட்டும் வந்தது, பி மட்டும் வந்தது, இரண்டும் வந்தாயிற்று. காத்திருக்க வேண்டியவை மூன்றானால் 8 நிலை. பத்தானால் 1024. எஸ்டரலிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்புதான் கூடுகிறது. நிலைகளை விரித்து எழுதும் வேலை கம்பைலருடையது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஏ-யும் ஆர்-உம் ஒரே கணத்தில் வந்தால் யார் பக்கம் தீர்ப்பு? ஆர் பக்கம். அந்தக் கணத்தில் ஓ வெளிவராது. எந்த இயந்திரத்தில் ஓட்டினாலும், எத்தனை முறை ஓட்டினாலும் இதே பதில். அது மொழியின் இலக்கணத்திலேயே இருக்கிறது. ரியல் டைம் வேலையில் இந்த உறுதிதான் சோறு போடும்.

*

இரண்டாவது நேரத்துக்கு வேறு பரம்பரை. 1978-இல் டோனி ஹோர் எழுதிய சிஎஸ்பி (கம்யூனிகேட்டிங் சீக்வென்ஷியல் பிராசசஸ்) கட்டுரை அதன் வேர். ஒவ்வொரு பிராசஸும் தன் போக்கில் ஓடும். இரண்டுக்குப் பேச வேண்டியிருந்தால் ஓர் இடத்தில் சந்திக்கும். முதலில் வந்தது மற்றது வரும்வரை காத்து நிற்கும். இதை ரான்டெவூ என்கிறார்கள். 1983-இல் தரப்படுத்தப்பட்ட அடா மொழியில் இது இருந்தது. பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனம் டிரான்ஸ்பியூட்டர் சில்லுக்காக உருவாக்கிய ஆக்கம் மொழிக்கு இதுதான் உயிர். அந்த டிரான்ஸ்பியூட்டர்களை அடுக்கித்தான் புனே சி-டாக் 1991-இல் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டியது.

இந்த வழியில் தூரம் தடையில்லை. ஒரு பிராசஸ் சிவகங்கையிலும் இன்னொன்று மும்பையிலும் இருக்கலாம். ஆனால் யார் முந்துவார், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்கு மொழி பொறுப்பேற்காது. அதே நிரலை அதே உள்ளீட்டோடு இரண்டாவது முறை ஓட்டினால் வேறு வரிசையில் நடக்கலாம்.

*

காரைக்குடியில் பொறியியல் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான்: “ஏண்ணே, ரெண்டு த்ரெட் போட்டு ஒரு லாக் வெச்சா முடிஞ்சுதுல்ல? இதுக்குப் போய்த் தனி மொழி எதுக்குண்ணே?”

நல்ல கேள்வி. பதிலுக்கு அவனிடம் பெர்க்லியைச் சேர்ந்த எட்வர்ட் லீ 2006-இல் ‘ஐஇஇஇ கம்ப்யூட்டர்’ இதழில் எழுதிய கட்டுரையைக் கொடுத்தேன். அவர் குழு டாலமி என்ற மென்பொருளை த்ரெட்களையும் லாக்குகளையும் வைத்து எழுதியது. நிரலை ஒருவர் மாற்றி ஒருவர் ஆய்ந்தார்கள். ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் தொடும் சோதனைகள் வைத்தார்கள். நான்கு ஆண்டுகள் ஒரு குறையும் தென்படவில்லை. 2004 ஏப்ரல் 26 அன்று நிரல் டெட்லாக் ஆகி உறைந்து நின்றது. குறை முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறது. வெளிப்படத் தோதான வரிசை அன்றுதான் அமைந்தது.

“அப்ப டெஸ்ட் பண்ணி என்னண்ணே பிரயோஜனம்?” என்றான். டெஸ்ட் வேண்டும் தம்பி. ஆனால் நடக்கக்கூடிய வரிசைகள் கோடிக்கணக்கில் இருக்கும்போது டெஸ்ட் அவற்றில் ஒரு பிடியைத்தான் தொடும். அந்த வரிசைகளையே குறைத்துத் தரும் மொழி கிடைத்தால் மனிதன் பாடு பாதியாகும்.

*

இரண்டையும் சேர்ப்பது எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால் எங்கள் ஊர்ச் செவ்வாய்ப் பொங்கலைச் சொல்வேன். தைப் பொங்கலுக்கு அடுத்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை, கண்ணுடைய நாயகி கோயில் முன்னால் நகரத்தார் நூற்றுக்கணக்கான புள்ளிகளாக (குடும்பங்களாக)க் கூடிப் பொங்கல் வைக்கிறார்கள். குடவோலையில் முதலில் வரும் புள்ளி முதல் பானையை வைத்த பிறகே மற்ற அடுப்புகள். தொடக்கம் எல்லோருக்கும் ஒன்று. அதன் பிறகு ஒவ்வொரு பானைக்கும் ஒரு நேரம்: விறகு ஈரமோ காய்ந்ததோ, காற்று எந்தப் பக்கமோ, அதது பொங்கும்போது பொங்கும். ஒரே கணத்தில் எல்லாப் பானையும் பொங்க வேண்டும் என்று யாரும் கட்டளை போடுவதில்லை. தன் பானையைத் தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் யாரும் விடுவதில்லை. பொதுக் கணம் எங்கே வேண்டும், தனிப்போக்கை எங்கே விடலாம் என்று ஊர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. நிரல்மொழியிடம் நாம் கேட்பதும் அந்த முடிவைத்தான்.

*

அந்த முடிவை இலக்கணமாக எழுதியதில் இந்தியக் கை இருக்கிறது. இது நம் மாணவர்களில் பெரும்பாலோர் காதுக்கு எட்டாத செய்தி. 1993-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் நடந்த பாப்பிள் (POPL) நிரல்மொழி மாநாட்டில் வெளிவந்த கட்டுரை: ‘கம்யூனிகேட்டிங் ரியாக்டிவ் பிராசசஸ்’. எழுதியவர்கள் மூவர். எஸ்டரலைத் தந்த ஜெரார் பெர்ரி, ஐஐடி பம்பாயின் எஸ். ரமேஷ், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்.கே. ஷ்யாமசுந்தர். சுருக்கமாக சிஆர்பி.

அதன் அமைப்பு எளிது. வலையமைப்பில் பல முனைகள். ஒவ்வொரு முனையும் ஒரு முழு எஸ்டரல் நிரல். அதற்கென்று சொந்தக் கணங்கள், சொந்தத் தாளம். முனைக்கும் முனைக்கும் நடுவே பொதுக் கடிகாரம் கிடையாது. பேச வேண்டுமானால் சிஎஸ்பி பாணியில் ரான்டெவூ.

கண்டுபிடிப்பு இவை இரண்டும் உரசும் இடத்தில் இருக்கிறது. எஸ்டரலில் பதிலுக்கு நேரம் ஆகாது. ரான்டெவூவுக்கோ எவ்வளவு நேரம் ஆகும் என்றே தெரியாது. அப்படியிருக்க ஒன்றை இன்னொன்றின் உள்ளே வைப்பது எப்படி? அவர்கள் ரான்டெவூவை முனைக்கு வெளியே நடக்கும் ஒரு பணியாகப் பார்த்தார்கள். ஒரு கணத்தில் முனை அதைத் தொடங்குகிறது. அதன் பிறகு முனையின் கணங்கள் வழக்கம்போல ஓடுகின்றன, மற்ற பகுதிகள் தத்தம் வேலையைப் பார்க்கின்றன. எதிர்முனையும் தயாராகிச் சந்திப்பு நடந்தால், ‘முடிந்தது’ என்ற சமிக்ஞை இரண்டு பக்கமும் ஒரு குறிப்பிட்ட கணத்தில் வந்து விழுகிறது. நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் காத்திருப்பையே ரத்து செய்யலாம்.

காத்திருப்புக்குத் தொடக்கம், முடிவு, ரத்து என்று மூன்றும் மொழிக்குள்ளேயே கிடைத்துவிட்டன. எனக்கு இதில் மிகப் பிடித்தது ரத்து. ஹோரின் அசல் சிஎஸ்பியில் போய் நின்றவன் நின்றவன்தான். அவனைத் தட்டி எழுப்பி ‘வா, போகலாம்’ என்று சொல்ல எஸ்டரல் வேண்டியிருந்தது.

*

ஏடிஎம்மை இந்த முறையில் எழுதிப் பார்த்தது:

கார்டு வரக் காத்திரு;
கேன்சல் வந்தால் கைவிடும்படி இதைச் செய்:
 ரகசிய எண்ணை வாங்கு; தொகையை வாங்கு;
 வங்கியோடு ரான்டெவூ தொடங்கு, கூடவே திரையில் ‘பொறுத்திருக்கவும்’;
 ரான்டெவூ முடிந்ததும் பதிலைப் பார், பணம் கொடு;
கடைசியில் கார்டைத் திருப்பிக் கொடு.

வங்கியிடமிருந்து பதில் வரும்வரை இயந்திரம் உறைந்து போவதில்லை. திரை உயிரோடு இருக்கிறது, கேன்சல் வேலை செய்கிறது. கேன்சல் அழுத்தினால் உள்ளே எந்த வரியில் நின்றாலும் ரத்து. ரான்டெவூவின் நடுவில் இருந்தால் அதுவும் ரத்து. பயனர் சந்தேகப்பட்டு இரண்டு தடவை அழுத்தினாலும் ஒன்றும் கெடாது. சாதாரண மொழியில் இதை எழுதினால் ‘கேன்சல் ஆச்சா’ என்ற ஒரு கொடியை ஒவ்வொரு இரண்டாவது வரியிலும் சோதிக்க வேண்டும். எங்காவது ஒரு சோதனை விடுபடும். விடுபட்ட இடத்தில்தான் ஒருவருடைய பணம் மாட்டும்.

*

இலக்கணத்தில் ரான்டெவூ பிரிக்க முடியாத ஒன்று. இரண்டு பக்கமும் முடிந்தது, அல்லது இரண்டு பக்கமும் முடியவில்லை. பாதி என்பது கிடையாது. நிஜ இணைப்பில் பாதி உண்டு. செய்தி தொலையக்கூடிய பாதையில், ‘நீ கேட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரியும், அது உனக்கும் தெரியும்’ என்ற நிலைக்கு எத்தனை செய்தி அனுப்பினாலும் உறுதியாகப் போய்ச் சேர முடியாது. 1975 முதல் தெரிந்த உண்மை இது. இரண்டு தளபதிகள் சிக்கல் என்று பெயர்.

அதனால் வங்கி உலகம் ஒரு கைத்தாங்கல் வைத்திருக்கிறது. கார்டுப் பரிமாற்றங்களுக்கான ஐஎஸ்ஓ 8583 தரத்தில் பணக் கோரிக்கை 0200, அதற்குப் பதில் 0210. பாதியில் அறுந்தால் ‘நடந்ததைத் திருப்பு’ என்று சொல்ல 0400, 0420 எனத் தனிச் செய்திகள். அதுவும் தவறினால் மனிதருக்கான விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட சுற்றறிக்கைப்படி, கணக்கில் கழிந்து பணம் வெளிவராவிட்டால் பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய். மாதக் கடைசியில் 2,000 ரூபாயை நம்பி வந்த ஒருவருக்கு 5 நாள் என்பது சின்ன விஷயமில்லை. இரண்டு நேரங்களுக்கு நடுவே விழுந்த ஓட்டையின் விலையை அவர்தான் கட்டுகிறார். ஆகவே இதை ஏட்டுச் சிக்கல் என்று தள்ள என்னால் முடியவில்லை.

*

மானாமதுரை–காரைக்குடி ரயில் பாதை எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் சிவகங்கை, மறுபக்கம் கல்லல். ரயில்வே கேட் என்பது ரியல் டைம் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கணக்கு. ரயில் கடக்கும்போது கேட் மூடியிருக்க வேண்டும், தேவையில்லாமல் மூடியும் இருக்கக் கூடாது. 1990களில் இதை வைத்தே பல மொழிகளை உரசிப் பார்த்தார்கள்.

இன்டர்லாக் இல்லாத கேட்டில் நடைமுறை இது. ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்கிறார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, அதற்கு அத்தாட்சியாக ஒரு பிரைவேட் நம்பரைச் சொல்கிறார். இருவரும் குறித்துக்கொள்கிறார்கள். அதன் பிறகுதான் ரயிலுக்கு அனுமதி. சுத்தமான ரான்டெவூ. ஆனால் சந்திப்பு சொல்லில் நடக்கிறது. கேட் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பது அந்தச் சொல்லோடு கட்டப்படவில்லை.

இன்டர்லாக் செய்த கேட்டில் கேட் மூடிப் பூட்டினால்தான் சிக்னல் விழும். சிக்னல் விழுந்துவிட்டால் ரயில் கடக்கும்வரை கேட்டைத் திறக்க முடியாது. இங்கே ஒருவர் நினைவிலும் ஒருவர் வாக்கிலும் எதுவும் தொங்கவில்லை.

2025 ஜூலை 8, கடலூர் மாவட்டம் செம்மங்குப்பம். ரயில் பள்ளி வேனில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது இன்டர்லாக் இல்லாத கேட். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என் வேலையைப் பார்க்கும் விதம் மாறிவிட்டது. ‘இந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் முன் லாக்கை எடுத்திருக்க வேண்டும்’ என்று நிரலுக்கு மேலே கமென்ட் எழுதுகிறோமே, அது வாய்ச்சொல். அதையே கம்பைலர் பார்த்து, எடுக்காவிட்டால் நிரலை ஏற்காமல் திருப்பி அனுப்பினால் அது பூட்டு. உயிர் போகக்கூடிய இடத்தில் கமென்ட் போதாது.

*

முனைக்குள் ஒரே தாளம், வெளியே தனித்தனிப் போக்கு என்ற அமைப்புக்கு வன்பொருள்காரர்கள் 1984-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டில் டேனியல் சாபிரோவின் முனைவர் பட்ட ஆய்வு அது: உள்ளூரில் சிங்க்ரனஸ், மொத்தத்தில் அசிங்க்ரனஸ். சுருக்கம் கால்ஸ். ஒரு சில்லின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே கடிகாரத் துடிப்பைப் பிசகாமல் கொண்டுபோவது கஷ்டமாகிக்கொண்டே வந்ததுதான் காரணம்.

2000-இல் பசந்த் ராஜனும் ஷ்யாமசுந்தரும் ‘மல்ட்டிகிளாக் எஸ்டரல்’ என்று இந்தச் சிந்தனையை மேலும் நகர்த்தினார்கள். ஒரே மொழிக்குள் பல கடிகாரங்கள். ரமேஷ் பிற்பாடு ஜெனரல் மோட்டார்ஸின் பெங்களூர் ஆய்வகத்துக்குப் போனார். அது பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் உருவாகும் எந்தக் காரையும் பிரித்துப் பார்த்தால் பிரேக்குக்கு ஒரு கணினி, எஞ்சினுக்கு ஒன்று, ஏர்பேகுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கடிகாரம். நடுவில் பாஷ் உருவாக்கிய கேன் பஸ் என்ற செய்திப் பாதை. பாப்பிள் கட்டுரை சொன்ன அமைப்பின் சாயல் சாலையில் ஓடுகிறது.

*

சென்னையிலும் இதன் இன்னொரு கரையில் பெரிய வேலை நடந்திருக்கிறது. தன் போக்கில் ஓடும் முனைகள் சந்திக்கும்போது ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. மூன்றாவது ஒருவரைப் பற்றி என்னிடமும் ஒரு தகவல், உன்னிடமும் ஒரு தகவல். எது புதியது? நேர முத்திரை போட்டால் தெரியும், ஆனால் முத்திரை எண் வளர்ந்துகொண்டே போகும். வரம்புள்ள நினைவகத்திலேயே இதைச் சொல்லிவிட முடியும் என்று சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த், மிலிந்த் சோஹோனியோடு சேர்ந்து நிறுவினார். கட்டுரை 1997-இல் இதழில் வந்தது. பி.எஸ். தியாகராஜன் போன்றவர்கள் இந்தத் துறையைச் சென்னையில் வேரூன்ற வைத்தவர்கள். அந்த நிறுவனம் இருக்கும் சிறுசேரிக்குப் போகும் வழியில் எத்தனையோ ஐடி அலுவலகங்களைக் கடக்கிறோம். இந்தக் கணக்குகளைத் தேடி அந்த நிறுவனத்துக்குள் போகும் மாணவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

*

இப்போது கையில் எடுக்கத் தோதானது லிங்குவா ஃபிராங்கா. த்ரெட்டைப் பற்றி எழுதிய அதே எட்வர்ட் லீயும் மார்ட்டன் லோஸ்ட்ரோவும் சகாக்களோடு பெர்க்லியில் உருவாக்கியது. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சி, பைத்தான் தெரிந்தவர்கள் உடனே தொடங்கலாம். வெளியிலிருந்து எப்போது வருமென்று தெரியாத ஒரு நிகழ்வு உள்ளே நுழையும்போது அதற்கு ஒரு நேர முத்திரை விழுகிறது. அதற்குப் பிறகு உள்ளே நடப்பதெல்லாம் அந்த முத்திரை வரிசைப்படிதான். வாசலில் அசிங்க்ரனஸ், வீட்டுக்குள் சிங்க்ரனஸ். சிஆர்பியில் ‘முடிந்தது’ சமிக்ஞை ஒரு கணத்தில் வந்து விழுந்தது போலவே இதிலும் எல்லைக்கோடு மொழியில் தெளிவாக இருக்கிறது.

*

நம் கல்லூரிகளின் எம்பெடட் சிஸ்டம்ஸ் பாடத்தில் த்ரெட், செமஃபோர், மியூட்டெக்ஸ் கட்டாயம் வரட்டும். கூடவே ஏபிஆர்ஓவையும் ஏடிஎம்மையும் வையுங்கள் என்று கேட்கிறேன். முதலாவதை எழுத ஒரு மதியம் போதும். இரண்டாவது ஒரு வாரம் எடுக்கும், அந்த ஒரு வாரம் வாழ்நாள் முழுக்க உதவும்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தது, யார் நிரலை ஆய்ந்தாலும் நானும் கேட்பது: காத்திருக்கும் ஒவ்வொரு வரியையும் தேடிப் பிடி. அது எந்தக் கணத்தில் தொடங்குகிறது? எது வந்தால் ரத்தாகிறது? முடிவு எந்தக் கணத்தில் உள்ளே வருகிறது? மூன்றுக்கும் பதில் நிரலின் வரிகளிலேயே இருந்தால் கையெழுத்துப் போடு. எழுதியவரின் தலைக்குள்ளோ கமென்ட்டிலோ மட்டும் இருந்தால் திருப்பி அனுப்பு.